எப்ப அனுப்புறீங்க?



‘குடும்பம்: அன்றும் இன்றும்’ என்று இந்த மேடையில் எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அன்று நல்லா இருந்துச்சு, இன்று கெட்டுப்போச்சு என்று அழுதுவிட்டு நான் இறங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த வேலையை வேறொருத்தர் ஏற்கெனவே செய்துவிட்டார். திண்டிவனத்தில் ஒரு மேடை. பெரிய மனுஷர். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். பொம்பளைப் பிள்ளைங்களைப் படிக்க வைத்தோம், ஊரெல்லாம் விவாகரத்து வந்துவிட்டது, இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி என்றார். பேசி முடித்தார், காரில் ஏறிப் போனார். அந்தக் கார் மாமனார் வாங்கிக் கொடுத்தது!

சிரிங்க, ஆனால் கேளுங்க. வெள்ளைக்காரன் வியாதியா? உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். புளியமரத்தடியில் பஞ்சாயத்து கூடும். ஒத்தே வரவில்லை என்றால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவார்கள். முடிந்தது உறவு. அந்தப் பெண் இன்னொரு கல்யாணம் கட்டிக்கொண்டு போவாள். ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று அதை ஏச்சாக மாற்றியது பின்னால் வந்த கௌரவம். 1955-ல் இந்து திருமணச் சட்டம் போட்டபோதுகூட அந்த வழக்கத்தில் கை வைக்கவில்லை. வழக்கப்படி தீர்த்துக்கொண்டால் செல்லும் என்று 29-ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். பாட்டிக்கு உரிமை, பேத்திக்கு வியாதியா?

கணக்கு சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். ஒன்றே ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 120 கோடி ஜனங்களில் விவாகரத்து ஆனவர்கள் என்று பதிவானவர்கள் 13 லட்சத்துச் சொச்சம். இதற்கா நாடு கெட்டுப்போனது? ஆனால் விவாகரத்து ஆகாமலே பிரிந்து கிடப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்! அவர்களில் எத்தனை பேர் கோர்ட்டு வாசலை மிதித்திருப்பார்கள்? கையில் ஒரு காகிதம் கிடையாது. மறுகல்யாணம் முடியாது. ஜீவனாம்சம் கேட்டால் வாய்தா மேல் வாய்தா. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அரசாங்கம் ஓய்வூதியம் தருகிறது, உண்மைதான். கோர்ட்டுக் காகிதம் இல்லையென்றால் கைவிட்டு ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷம் அவள் யார் வீட்டுச் சோறு தின்பாள்? அந்தக் கார்க்காரர் போடுவாரா?

இங்கேதான் எனக்கு ஒரு மனுஷர் ஞாபகத்துக்கு வருகிறார். நம்ம பக்கத்து ஊர். மல்லாட்டை, அதான் நிலக்கடலை, போடுகிற குடியானவர். ராத்திரி கடைசி பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு துணிக்கடைப் பை. மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கார் போட்டு வந்துவிட்டார்கள். “எப்ப அனுப்புறீங்க?” இவர் சொன்னார்: “கொழம்பு கொதிக்குது, இருந்து சாப்ட்டுப் போங்க.” சாப்பிட்டார்கள். “எப்ப அனுப்புறீங்க?” “மோர் ஊத்தட்டுமா?” ஊற்றினார். வெற்றிலைத் தட்டு வந்தது. “பெரியவரே, எப்பதான் அனுப்புறீங்க?” “பாக்கு எடுத்துக்குங்க.” கடைசிவரைக்கும் தேதி சொல்லவே இல்லை அந்த ஆள்! வந்தவர்கள் வாய் சிவந்ததுதான் மிச்சம்!

2023-ல் ராஞ்சியில் ஒரு அப்பா, புருஷன் வீட்டில் கஷ்டப்பட்ட மகளை பேண்டு வாத்தியம் முழங்க, வெடி வெடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். நாடே பார்த்தது. நம்ம ஆளிடம் பேண்டு இல்லை, மோர்தான். ஆனால் அடுத்த மாசமே வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டினார். தனி மீட்டர் வைத்தார். கரண்டு பில் மகள் பேரில் வருகிறது.

இது திரும்பி வந்த மகள் கதை. இனி கட்டிக் கொடுக்கிற நாளுக்கு வருவோம். வளர்பிறை முகூர்த்தத்தன்று மயிலம் முருகன் கோயில் மலைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு ஜோடி இறங்குவதற்குள் அடுத்த ஜோடி மாலையோடு நிற்கும். வாழ்த்துவோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம்ம கூட்டேரிப்பட்டுச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான், முதுகை அமுக்குகிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்களே, பையன் கை நீட்டுவானா என்று யாராவது விசாரித்தீர்களா? தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனால் துன்புறுத்தப்பட்டவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. சொந்தத்தில் கொடுத்தால் பாதுகாப்பு என்பீர்கள். மாமியார் அத்தையாகவே இருப்பாள். அதனாலேயே மகள் வாய் திறக்க முடியாது. திறந்தால் அப்பனுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிடுமே!

இப்படி மாட்டிக்கொண்டவள் வெளியே வர வழி என்ன? இதோ ஓடுகிறதே ஜி.எஸ்.டி. ரோடு, இதிலேயே வடக்கே போனால் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே சுயமரியாதை மாநாடு. ஒத்துவராத புருஷன் பெண்டாட்டி பிரிய உரிமை வேண்டும் என்று தீர்மானம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானம். இரண்டையும் ஒரே மேடையில் ஏன் போட்டார் பெரியார்? போக இடம் இல்லாதவளுக்கு வெறும் விவாகரத்து எதற்கு? அந்தச் சொத்துரிமையைச் சட்டமாக்க 60 வருஷம் ஆனது. 1989-ல் கலைஞர் கொண்டுவந்தார். 2005-ல் டெல்லிக்கும் புத்தி வந்தது. பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது.

சொல்லி? சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஒருநாள் நின்று பாருங்கள். அண்ணன் ஆட்டோ பிடித்துத் தங்கச்சியைக் கூட்டி வருவான். என்றைக்கும் இல்லாத பாசம்! பத்திரம் எழுதுகிறவர் கடையில் உட்கார வைத்து டீ, போண்டா. விடுதலைப் பத்திரம். கட்டை விரலை மெஷினில் வைப்பாள். ஒரு புடவை, கொஞ்சம் ரொக்கம். வெளியே வரும்போது மூன்று தலைமுறைக் காணியில் அவளுக்கு ஒரு சென்ட் கிடையாது. நாளைக்கே அவள் பிள்ளையோடு வந்து நின்றால், அதே அண்ணன் கேட்பான்: “எப்ப கிளம்புற?”

அந்த மல்லாட்டைக்காரருக்கும் ஒரு மகன் உண்டு. தகராறு பண்ணினான். மகள் பங்கை அளந்து கல் நட்டுவிட்டுத்தான் மனுஷர் மகனோடு பேசினார். இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீங்க, கூச்சப்படுவார்.

நேரம் ஆச்சு என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். தாய்மார்களே, ஆவணி முகூர்த்தம் வருகிறது. கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009-லிருந்தே தமிழ்நாட்டில் அது கட்டாயம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே மகள் பங்கு எந்தச் சர்வே நம்பரில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன்மார்களே, அந்த ஆட்டோவைப் பிடிக்காதீர்கள்.