இலாபம் எங்கே போயிற்று?

(இளைஞர் மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பட்டம் பெற்று உத்தியோகம் தேடும் எம்மவர்க்கு இந்நாளிற் புதுவகைப் பரீட்சையொன்று எதிர்ப்படுகின்றது. வியாபார ஸ்தாபனங்களுக்கு ஆலோசனை கூறுவதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் பல உள. மக்கின்சி என்னும் கணக்கியற் பேராசிரியர் 1926ஆம் ஆண்டிற் சிக்காகோவிலே தொடங்கியது ஒன்று. புரூஸ் ஹென்டர்சன் 1963இற் பொஸ்ரனில் நிறுவியது மற்றொன்று. இத்தகைய கம்பனிகள் ஆள் எடுக்கும்போது, வந்தவரின் சான்றிதழ்களைப் பார்ப்பதோடு அமைவதில்லை. ஒரு வியாபாரத்தின் நோயைச் சொல்லி, ஏறக்குறைய அரைமணி நேரத்துள் அதற்கு மருந்து கேட்கின்றன. “விற்பனை கூடியது, இலாபம் குறைந்தது, காரணம் யாது?” என்பது அவ்வினாக்களுள் அடிக்கடி வருவது.

வழக்குகளைக் கொண்டு கற்பிக்கும் இம்முறை முதலிற் சட்டக் கல்விக்கு உரியதாயிருந்தது. 1870ஆம் ஆண்டில் ஹாவாட் சட்டக் கல்லூரியின் தலைமையை ஏற்ற லாங்டெல் என்பார் அதனை அங்கே புகுத்தினார். 1908இல் அதே பல்கலைக்கழகத்தில் தோன்றிய வியாபாரக் கல்லூரி பின்னர் அதனைத் தனதாக்கிக்கொண்டது. ஆதலால் இப்பரீட்சை மனனஞ் செய்தவற்றை ஒப்புவிப்பதற்கன்று. அறியாத ஒன்றை ஒழுங்காக ஆராய்வதற்கே ஏற்பட்டது.

உதாரணமாக ஒரு சிறு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். தொகைகள் யாவும் பயிற்சிக்காக நான் வகுத்தவை. சென்ற ஆண்டில் முதலாளி மாதந்தோறும் 20,000 இறாத்தல் பாணைத் தமது கடையிலேயே 130 ரூபாவுக்கு விற்றார். மா, ஈஸ்ற், சீனி, விறகு ஆகியவற்றுக்கு ஒரு பாணுக்கு 100 ரூபா செலவு. மிச்சம் 30 ரூபா. இருபதினாயிரம் பாணுக்கு மிச்சம் 6,00,000 ரூபா. வாடகை, சம்பளம், மின்சாரம் ஆகிய நிலையான செலவுகள் 4,00,000. இலாபம் 2,00,000.

இவ்வாண்டில் அவர் முச்சக்கர வண்டியொன்றை அமர்த்திப் பிற கடைகளுக்கும் பாண் அனுப்புகிறார். கடைக்காரருக்கு விலை 120 ரூபா. மாதம் 14,000 பாண் போகிறது. பத்தில் ஒன்று விற்காமல் திரும்புகிறது. வண்டிச் செலவு 60,000. தமது கடையில் விற்பது 12,000 பாண். மொத்த விற்பனை 26,00,000 ரூபாவிலிருந்து 30,72,000 ரூபாவாக உயர்ந்தது. இலாபமோ 12,000 ரூபாவாக வீழ்ந்தது! முதலாளி உங்கள் முன் அமர்ந்து, “தம்பி, நான் என்ன செய்ய?” என்று கேட்கிறார்.

அவசரப்படுவோன் உடனே, “ஓர் ஆளை நிறுத்துங்கள்” என்பான். அவ்வாளின் சம்பளம் 50,000 ரூபா என்க. நிறுத்தினாலும் இலாபம் 62,000 ரூபாவே. நோய் தீரவில்லை, ஒரு குடும்பத்தின் அடுப்பு மாத்திரம் அணைந்தது.

நண்பர்களே, நாம் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். இலாபமென்பது வரவிற் செலவு போக எஞ்சுவது. வரவை விலையெனவும் அளவெனவும், செலவை உற்பத்தியோடு கூடிக் குறைவதெனவும் நிலையாக நிற்பதெனவும் வகுக்க வேண்டும். அதன்பின் இரண்டு விற்பனை வழிகளையும் வேறு வேறாக நிறுக்க வேண்டும். பிற கடைகளில் விற்ற 12,600 பாணுக்கு வரவு 15,12,000. அனுப்பிய 14,000 பாணுக்குச் செலவு 14,00,000. மிச்சம் 1,12,000. வண்டிச் செலவு போக 52,000. இதுமட்டும் பார்த்தாற் புதிய வழி நல்லதே எனத் தோன்றும். ஆனால் சொந்தக் கடையில் 8,000 பாண் குறைந்துவிட்டதே! அதனால் இழந்தது 2,40,000. 52,000 தேட 2,40,000 தொலைந்தது. குறைந்த 1,88,000 ரூபாவும் இங்கேதான் போயிற்று.

அந்த 8,000 பாணை வாங்கியவர்கள் எங்கே? அயலிலுள்ள கடையில் அதே பாண் அதே விலைக்குக் கிடைத்தால், அவர்கள் ஏன் பேக்கரி வரை நடக்க வேண்டும்? இது ஊகந்தான். ஆகையால், “அருகிலுள்ள ஒரு கடைக்கு இரண்டு வாரம் அனுப்பாது நிறுத்தி, உங்கள் விற்பனை ஏறுகின்றதா எனப் பாருங்கள்” என்று சொல்லுதல் தகும். ஊகத்தை உண்மைபோற் கூறுவோனிலும், அதனைச் சோதிக்க வழிகாட்டுவோனே நம்பத்தக்கவன்.

இனித் திரும்பிவரும் பாணைக் கவனியுங்கள். அது மாதம் 1,400. ஒவ்வொரு கடையும் நேற்று எத்தனை விற்றதெனக் குறித்து, அதற்கேற்ப இன்று சுட்டு அனுப்பினால், நாளொன்றுக்குப் பதினேழு பாண் மீதமாகாமற் காப்பது பெரிய காரியமன்று. அப்பதினேழும் மாதத்தில் 51,000 ரூபாவாகும். நிறுத்தச் சொன்ன அவ்வாளின் சம்பளம் அதற்குள் அடங்கிவிட்டது! ஒரு மனிதனின் பிழைப்பு நமது கூட்டற் கணக்கிலே தங்கியிருக்கும்போது, கணக்கிற் சோம்பல் கொள்வது பாவமன்றோ?

பெரிய கம்பனிகளுக்கென எழுதப்பட்ட மாதிரிகளை உருப்போட்டவர்கள் சிறு வியாபாரத்தில் இரண்டைத் தவற விடுவர். ஒன்று, வீட்டாரின் உழைப்பு. முதலாளி விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாப் பிசைகிறார். மனைவியார் கல்லாவில் இருக்கிறார். இருவருக்குஞ் சம்பளமில்லை. அதனைக் கணக்கிற் சேர்த்தால் 12,000 ரூபா இலாபம் உண்மையில் நட்டமே. மற்றது கடன். கடைக்காரர் மாதமுடிவிலே பணந் தருவாராயின், ஏட்டில் இலாபமிருந்தும் நாளை மா வாங்கக் கையிற் காசிராது.

பரீட்சைக்குப் போகிறவர் கைக்கொள்ளத்தக்கவை சில. வினாவை உமது சொல்லில் திருப்பிச் சொல்லி, விளங்கியது சரிதானா என உறுதிப்படுத்தும். ஒரு நிமிடம் அவகாசங் கேட்பதற்கு வெட்கப்படாதேயும், கேட்பது வழக்கமே. எதை ஆராயப் போகிறீர், எந்த ஒழுங்கில் என்பதை முதலிற் கூறும். கணக்கை வாய்விட்டுச் செய்யும். கணிப்பான் பெரும்பாலும் அனுமதிக்கப்படாது. முடிவிலே விடையை முதலிலும், காரணங்களைப் பின்னரும், அதிலுள்ள ஆபத்தைக் கடைசியிலும் சொல்லும். ஆங்கிலம் சரளமாக வராதென அஞ்சுவோர் நம்மிற் பலர். சிறு சிறு வசனங்களாற் பேசுக. தெளிந்த சிந்தனை எளிய மொழியிலும் விளங்கும். குழம்பிய சிந்தனையை அலங்கார மொழி மறைக்காது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நமது மன்றத்திலே வாரத்தில் ஒரு மாலை இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வினவ மற்றவர் விடையளித்துப் பழகுவோம். கடை நடத்தும் பெரியோர்கள் சிலர் இங்கே வீற்றிருக்கிறார்கள். ஐயாமாரே, உங்கள் கொப்பிகளை எங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் கஷ்டங்களைச் சொல்லுங்கள், போதும். எங்களுட் சிலருக்கு உத்தியோகங் கிடைக்கலாம், சிலருக்குக் கிடையாமற் போகலாம். எப்படியாயினும், உங்கள் கடையிற் கசியும் பதினேழு பாணை யாராவது ஒருவர் கண்டுபிடித்தால், அப்பயிற்சி வீண்போகாது.