வாடும் பயிரும் வேளையறிந்த நீரும்

பாரிசவாதம் பெரும்பாலும் நோவின்றியே வருவது. மாலை வேளையில் விறாந்தையில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்த ஒருவரின் வாய் சட்டென ஒருபுறம் கோணுகின்றது, பேச்சுக் குழறுகின்றது, கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவி விழுகின்றது. நோவில்லாமையால் வீட்டார் அதனை வெறும் களைப்பென்று எண்ணிவிடுகின்றனர். “உறங்கி எழுந்தால் தெளிந்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அவரைப் படுக்கவைக்கின்றனர். அந்த ஓரிரவில் இழக்கப்படுவது யாது?

உடலின் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதமே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதம் அதற்கே வேண்டும். நாளைக்கென்று சேமித்துவைக்கும் வழக்கம் மூளைக்கு இல்லை. குருதிக்கட்டியொன்று நாடியை அடைத்துவிடின், சில நிமிடங்களிலேயே அதன் கலங்கள் மடியத் தொடங்குகின்றன. பாரிசவாதங்களுட் பெரும்பாலானவை இவ்வாறு நேர்வனவே. ஏனையவை நாடி வெடித்துக் குருதி கசிவதால் உண்டாவன.

வாய்க்கால் அடைபட்ட வயலை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நடுவிலுள்ள பயிர் முதலிற் கருகிவிடும். ஓரங்களிலுள்ள பயிரோ, அயல் வயலிலிருந்து கசியும் சிறிதளவு நீரினால் வாடியும் சாகாமல் நிற்கும். மூளையிலும் அவ்வாறே, செயலற்றும் உயிர் நீங்காத பகுதியொன்று உண்டு. 1981ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கிரகண காலத்து நிழலை ஒப்புமையாகக் கொண்டு அதற்குப் ‘புறநிழல்’ என்று பெயரிட்டனர். சிகிச்சை முழுவதும் இப்பகுதியைக் காப்பதற்கே.

அந்தக் கசிவு நீர் எங்கிருந்து வருகின்றது? 1664இல் இங்கிலாந்து வைத்தியர் தோமஸ் வில்லிஸ், மூளையின் அடியில் நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாய் அமைந்திருப்பதை விளக்கினார். ஒருவழி அடைபடின் மறுவழியாற் குருதி ஓரளவு வந்துசேரும். ஆனால் இவ்வுதவி எல்லார்க்கும் ஒரேயளவினதன்று, நெடுநேரம் நிலைப்பதுமன்று.

ஆகவே வாய்க்காலைத் திறத்தல் வேண்டும். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் 3 மணி நேரத்துள் ஏற்றினால் பயனுண்டென்பதை அமெரிக்க ஆய்வொன்று 1995இல் நிறுவியது. அவ்வெல்லை நாலரை மணி வரை நீளலாமென்று 2008இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பெருநாடி அடைபட்டவர்களுக்கு, மெல்லிய குழாயொன்றைத் தொடை வழியாகச் செலுத்திக் கட்டியையே வெளியே எடுக்கும் முறையின் சிறப்பு 2015இல் உறுதியாயிற்று. புறநிழல் இன்னும் எஞ்சியிருப்பதைப் படங்கள் காட்டுமாயின், சிலருக்கு இதனை 24 மணி நேரம் வரையிற் செய்யலாம். எனினும், முந்துந்தோறும் பயன் மிகுதி.

கரைக்கும் மருந்து மூளையிற் குருதிக்கசிவையும் உண்டாக்கக்கூடும். எனவே, கசிவா அடைப்பா என்பதை சீ.டி. படமெடுத்து அறிந்த பின்னரே அதனை ஏற்றுவர். இக்காரணத்தாலேயே வீட்டில் அஸ்பிரின் கொடுத்தல் தகாது. விழுங்குந் திறன் குன்றியிருக்கக்கூடுமாதலால், கோப்பியோ கஞ்சியோ பருக்குதலும் ஆகாது. அது மூச்சுக்குழாயினுட் புகுந்துவிடும். குருதியமுக்கம் உயர்ந்திருக்கக் கண்டு, வீட்டிலுள்ள குளிசையைக் கொடுத்து அதனைத் தணிக்க முயல்வதும் தவறு. வாடும் பகுதிக்குச் செல்லும் சிறிதளவு குருதியும் அந்த அமுக்கத்தாலேயே சென்றுகொண்டிருக்கலாம். அதனை எப்போது, எவ்வளவு குறைப்பதென்பது வைத்தியர் முடிவு.

வீட்டார் செய்யத்தக்கவை மூன்று. முகம் கோணியதா, ஒரு கை தளர்ந்ததா, பேச்சுக் குழறியதா என்று நோக்குதல் ஒன்று. நோயாளர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளல் மற்றொன்று; வைத்தியசாலையில் முதலிற் கேட்கப்படும் வினா அதுவே. இலங்கையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர் காவு வண்டியைத் தாமதமின்றி வரவழைத்தல் மூன்றாவது. சிறிது நேரத்திற் குறிகள் தாமே மறைந்துவிடினும் வைத்தியசாலைக்குச் செல்லவே வேண்டும். பின்னர் வரவிருக்கும் பெரிய அடைப்புக்கு அது முன்னறிவித்தலாகலாம்.

கருகிய பயிரை எந்த நீரும் தளிர்ப்பிக்காது. வாடிய பயிரோ, வேளையோடு நீர் பாயின் நிமிர்ந்து நிற்கும். காலைவரை காத்திருப்போர் இழப்பது அந்த வேளையையே.