கரி எங்கே எரிகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது

(சூரமங்கலத்தில் மாணவர்களுக்கான ஞாயிறு வகுப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்ப ஒரு கூட்ஸ் வண்டி போன சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். சேலம் ஜங்ஷன் நம்ம சூரமங்கலத்துலதான் இருக்கு. ஒடிசாவில் வெட்டின நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி, நம்ம தலைமாட்டு வழியாகத்தான் ஓமலூர், மேச்சேரி ரோடு தாண்டி மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகுது. 1987-இல் அங்கே முதல் அலகு ஓட ஆரம்பிச்சது. 1990-க்குள் 210 மெகாவாட் அலகுகள் நாலு. 2013-இல் 600 மெகாவாட் அலகு ஒன்று சேர்ந்தது. மொத்தம் 1440 மெகாவாட்.

சின்ன வயசுல எங்க அம்மா கூடையை எடுத்துக்கிட்டு தண்டவாளத்தோரம் சிந்தின கரியைப் பொறுக்கப் போவாங்க. பிடிபட்டா 'கரி திருடி'ன்னு பேரு. அந்தக் கரியில் பிறந்த கரண்ட் ஊர்த்தெரு வரைக்கும் வந்து நின்னுபோச்சு. கடைசிக் கம்பத்துக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல ஒரு சாக்கடை, அவ்வளவுதான். அந்தச் சாக்கடையைத் தாண்ட கரண்டுக்குப் பதினோரு வருசம் ஆச்சு. எங்க அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சீமெண்ணெய் விளக்கில்தான் படிச்சாங்க.

இந்தக் கதையை அழுவதற்காகச் சொல்லல. கரண்ட் எப்படிப் பிறக்குதுன்னு நாம தெரிஞ்சுக்கணும். 'விவரம் தெரியாதவன்'னு சொல்லித்தானே நம்மைக் கீழ்வேலையிலேயே வைத்திருக்கிறார்கள்?

அனல்மின் நிலையம் ஒன்றும் மாயம் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு உலை, ஒரு சக்கரம், ஒரு டைனமோ. உலை கொதிச்சா மூடி குதிக்குது பாருங்க, அந்த ஆவியின் பலம்தான் எல்லாத்துக்கும் மூலம். கரியை ஆலையில் மாவாக அரைத்து, சூடான காற்றோடு கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். கட்டியா போட்டா மெதுவா எரியும். மாவா ஊதினா நொடியில் பத்திக்கும். கொதிகலன் சுவர் முழுக்கக் குழாய்கள். அதில் ஓடும் தண்ணீர் ஆவியாகி, இன்னும் சூடேறி, 540 டிகிரி அளவில் பெரும் அழுத்தத்தோடு வெளியே பாயும். அந்த ஆவி டர்பைன் என்ற இறக்கைச் சக்கரத்தின் மேல் மோதுகிறது. சக்கரம் நிமிசத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது.

சைக்கிள் டைனமோ பார்த்தவங்க கை தூக்குங்க. டயரில் உரசி உள்ளே காந்தம் சுத்தும், சுற்றியிருக்கிற செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். மேட்டூரிலும் அதேதான். டயருக்குப் பதில் டர்பைன், சின்னக் காந்தத்துக்குப் பதில் ராட்சச மின்காந்தம். நிமிசத்துக்கு 3000 சுற்றுன்னா நொடிக்கு 50. நம்ம வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி போடுவது, அதாவது 100 தடவை திசை மாறுவது, அதனால்தான். பிறகு மின்மாற்றியில் அழுத்தத்தை 2,30,000 வோல்ட்டாக உயர்த்திக் கோபுரக் கம்பிகளில் அனுப்புகிறார்கள். அழுத்தம் கூடினால் அதே மின்சாரத்தை அனுப்பக் கம்பியில் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் சூடாகி வீணாவது குறையும்.

வேலை முடிந்த ஆவியைக் குளிர வைத்து மறுபடி தண்ணீராக்கி உலைக்கே அனுப்புகிறார்கள். குளிர வைக்கும் தண்ணீர் காவிரியிலிருந்து வருகிறது. எரித்த கரியின் நூறு பங்கு வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிட்டத்தட்ட மின்சாரமாகிறது. மிச்சம் ஆகாயத்துக்கும் தண்ணீருக்கும் போய்விடும்.

சுழலும் காந்தத்தின் சூட்சுமத்தை 1831-இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லன் மகன். பள்ளிப்படிப்பு அதிகம் கிடையாது. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருசம் வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர். அறிவு எந்தக் குலத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமல்ல.

இன்னொன்றும் சொல்லணும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் அண்ணல் அம்பேத்கர் இருந்தபோது மின்சாரமும் அவரிடம்தான் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசும்போது, மின்சாரம் எதற்கு வேண்டும் என்ற கேள்வியையே எழுப்பினார். விவசாயத்தை மட்டும் நம்பிக் கிடக்கிற மக்களை வறுமையிலிருந்து மீட்கத் தொழில்மயம் வேண்டும், அதற்கு மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும் என்பது அவர் வாதம். நம்ம ஆட்களை பண்ணையாரின் களத்திலிருந்து வெளியே கொண்டுவரும் வழியாக அவர் மின்சாரத்தைப் பார்த்தார்.

சரி, வெளியே வந்தோமே, எங்கே வந்து நிற்கிறோம்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி. மேட்டூரின் எல்லா அலகும் முழுசா ஓடினா நாளொன்றுக்கு 20,000 டன்னுக்கு மேல் வேண்டும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். அப்ப ஒரு நாளைக்கு ஆறேழாயிரம் டன் சாம்பல். இதையெல்லாம் எந்திரம் மட்டுமா அள்ளுது? கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை வாருவது யார்? தொட்டியில் அடைத்துக்கொண்ட கரியை இறங்கிக் கிளறுவது யார்?

2024 டிசம்பர் 19 அன்று மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கரித்தொட்டி சரிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2020 ஜூலை 1 அன்று நெய்வேலியில் கொதிகலன் விபத்து. பத்துப் பேருக்கு மேல் பலி, பலர் ஒப்பந்தத் தொழிலாளர். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் புதிய அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் செத்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கரியும் தூரத்திலிருந்து வருது, அதற்காகச் சாகிறவனும் தூரத்திலிருந்து வருகிறான்.

1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆண்டு முழுக்க நடக்கிற நிரந்தர வேலைகளில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்யலாம் என்று வழிசெய்தது. சாம்பல் ஒரு நாளாவது வராமல் இருக்குமா? கரி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடுமா? அப்படியானால் அது எப்படித் தற்காலிக வேலை? நிரந்தர வேலை என்று எழுதினால் இடஒதுக்கீடு வரும். ஒப்பந்தம் என்று எழுதினால் வராது. நம்மை எங்கே மறித்தார்கள் என்று புரிகிறதா? கட்டுப்பாட்டு அறையின் கதவில் இடஒதுக்கீடு உண்டு. சாம்பல் மேட்டில் அது தேவைப்படுவதே இல்லை, அங்கே நாம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறோம்.

வெளியே இருக்கிறவன் கேட்பான், 'ஆதாரம் எங்கே?' நியாயமான கேள்விதான். ஆகவே உங்களுக்கு வேலை இருக்கு. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கு. மேட்டூரில் நிரந்தரப் பணியாளர் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை, எந்தெந்தப் பிரிவில், நிரந்தரப் பணியிடங்களில் பட்டியல் சாதியினர் எந்தெந்த நிலையில், ஒப்பந்தக்காரர் வைப்புநிதி கட்டினாரா, பத்து வருசத்தில் விபத்துகள் எத்தனை, இழப்பீடு யாருக்குப் போச்சு என்று எழுதிக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரின் சாதி எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதற்கு நாமே தெருத்தெருவாய்ப் போய்க் கேட்கணும். பதிலை எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.

ஐ.டி.ஐ. படிக்கிற தம்பிகள், டிப்ளமா படிக்கிற தங்கைகள், கொதிகலன் இயக்குநர் சான்றிதழைக் குறி வைத்துப் படியுங்க. நாம கரியை அள்ளினவங்க. இனி வால்வைத் திருகுகிற கையும் நம்முடையதாக இருக்கட்டும்.

கூட்டம் முடிஞ்சு போகும்போது எங்க பழைய தெருப்பக்கம் போய்ப் பாருங்க. அந்தச் சாக்கடை இன்னும் அங்கேதான் இருக்கு. கம்பம் மட்டும் தாண்டி வந்துடுச்சு. தானா வரல. எங்க அம்மாவும் இன்னும் பதினாறு பெண்களும் மின்வாரிய அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.