கூட்டத்திற்கு முன்பே தொடங்கும் கூட்டம்

(சின்னக்கானலில் கிளைச் செயலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



சுற்றறிக்கையை வாசித்து, தேநீர் அருந்திக் கலைவது கிளைக் கூட்டமாகாது. மக்களின் குரல் கட்சிக்குள் நுழையும் முதல் வாயில் கிளையே. அவ்வாயில் அடைபட்டால் விளைவு என்னவாகும் என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனஸை 20 ஆக்குக, 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்குக என்று கோரினர். தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துவிட்டு அவர்களே போராடினர். இடதுசாரிச் சங்கங்களுக்கும் விலக்களிக்கவில்லை. போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காட்டைப் பெற்றனர். அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரை நாடே அறிந்தது. அதனைத் தூண்டுதல் என்று ஒதுக்குவது எளிது. லயங்களில் புகைந்த குமுறல் உரிய நேரத்தில் சங்கத்தின் செவியை ஏன் எட்டவில்லை என்று கேட்பதே கடினம். கேட்க வேண்டியதும் அதுவே.

ஆகவே தயாரிப்பு ஒரு வாரத்திற்கு முன்பே தொடங்கட்டும்.

முதலாவது, நேரம். அரிக்கொம்பன் 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டு இவ்விடத்தினின்று அகற்றப்பட்டது. பிற யானைகள் இன்றும் நடமாடுகின்றன. அந்திக்குப் பின் கூடும் கூட்டத்திற்குப் பெண்கள் வர இயலாது. வராதவர்களைக் குறை கூறுமுன் குறித்த நேரத்தைத் திருத்த வேண்டும். விடுமுறை நாளின் பகற்பொழுதே பொருத்தமானது.

இரண்டாவது, செய்தி திரட்டல். ஒவ்வோர் உறுப்பினரும் நான்கைந்து வீடுகளுக்கேனும் சென்று வரவேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. எந்த லயத்தின் கூரை ஒழுகுகிறது, எவருக்குப் பணிக்கொடை நிலுவை என்பதைப் பெயரோடும் தொகையோடும் குறித்து வருதல் வேண்டும். ஏலத்தோட்டத் தற்காலிகத் தொழிலாளரையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் மறத்தலாகாது.

மூன்றாவது, நிகழ்ச்சி நிரல். மூன்று பொருள்களுக்கு மிகாமல், ஒவ்வொன்றும் வினா வடிவில் அமையட்டும். ‘குடியிருப்புப் பிரச்சினை’ என்று எழுதினால் பெருமூச்சே எழும். ‘மழைக்கு முன் கூரையைச் செப்பனிட நிர்வாகத்திடம் யார், என்று செல்வது?’ என்று எழுதினால் முடிவு பிறக்கும். நிரல் மூன்று நாட்களுக்கு முன்பே அனைவரையும் சென்றடைய வேண்டும்.

நான்காவது, மொழி. மலையாளத்தில் வரும் சுற்றறிக்கையைச் செயலாளர் முன்கூட்டியே படித்து, தோட்டத்துத் தமிழில் சுருக்கிச் சொல்லப் பழக வேண்டும். உபரி மதிப்பை விளக்கக் கொழுந்து நிறுவையைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

ஐந்தாவது, பேசும் வரிசை. செயலாளர் உரை பத்து நிமிடங்களுக்குள் அடங்கட்டும். அடுத்துப் பெண் தோழர்களும் புதியவர்களும் பேசட்டும். மூத்தோர் இறுதியில் பேசலாம். தலைவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால், பின்னர் நிகழ்வது விவாதமன்று, ஆமோதிப்பே.

நிறைவாக, மினிட் புத்தகம். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்நாளுக்குள் என்னும் மூன்றும் பதிவாக வேண்டும். அடுத்த கூட்டம் அப்பக்கத்தை வாசிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். நிறைவேறாத முடிவைக் கேள்வியின்றிக் கடக்கும் கிளையில் சுயவிமர்சனம் வெறும் சொல்லாகிவிடும்.

ஜனநாயக மத்தியத்துவத்தின் முதற்பாதி கேட்பது. அப்பாதியைக் கிளை செம்மையாகச் செய்தால், மறுபாதியான ஒன்றுபட்ட செயல் தானே வலுப்பெறும்.