ஆய்வேட்டிலிருந்து ஆய்விதழ்க் கட்டுரைக்கு



ஆய்வேட்டில் நாம் கற்றவை அனைத்தையும் தேர்வாளருக்குக் காட்டுகிறோம். கட்டுரையிலோ கண்டறிந்த ஒன்றை மட்டும் துறையினர்க்கு நிறுவுகிறோம்.

தோட்டப்புறத் தமிழின் மலாய்க் கடன்சொற்களை ஓர் ஆய்வேடு ஐந்து இயல்களில் ஆராய்வதாகக் கொள்வோம். ஐந்தையும் சுருக்கினால் கட்டுரையாகாது. மலாய்க் 'கம்போங்' நம் வழக்கில் மகர ஈற்றுக் 'கம்பம்' ஆகி, 'கம்பத்தில்' என அத்துச் சாரியையும் பெறுகிறது. கடன்சொல் தமிழ் இலக்கணத்துள் எவ்வாறு குடியேறுகிறது என்னும் இவ்வொரு வினாவே போதும். முன்னாய்வு இயல் ஒரு பத்தியாகட்டும். விடைக்கு வேண்டிய தரவு மட்டும் நிற்கட்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, அப்பேச்சுக்குரிய மூத்தோர் அருகி வருகின்றனர். அவர்தம் வாய்மொழியிலிருந்து நாம் திரட்டியவை நூலக அடுக்கிலேயே உறங்கினால், நாளைய ஆய்வாளர் அவற்றை மீண்டும் திரட்ட இயலாது. ஆகவே, பட்டம் பெற்ற ஆண்டிலேயே முதற்கட்டுரையை எழுதுவோம்.