தை மாதத்து வடநாட்டு மழை



நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இப்பகுப்பு தென்னாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. அங்கே சமவெளியில் பனி என்றால், விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அல்லது வயல்வெளியில் தவழும் மெல்லிய திரை. பிழைப்பை நாடி வடக்கே வந்த நமக்கோ அந்த ஒரு சொல் போதுவதில்லை. இந்தி பேசுவோர் புல்மேல் படியும் நீரை ‘ஓஸ்’ என்பர். கண்ணை மறைப்பதைக் ‘கோஹரா’ என்பர். பயிரைக் கருக்குவதைப் ‘பாலா’ என்பர். மலைமேல் பொழிவதைப் ‘பர்ஃப்’ என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் கூறுகிறேன்: இவை அனைத்தையும் வெறும் பனி என்றே எழுதினால் குழப்பமே மிஞ்சும். ஆகவே, பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி எனப் பிரித்தே பேசுவோம்.

இவற்றிற் பலவும் ஒரே வாரத்துக்குள் வந்து போவதுண்டு என்பதுதான் வடநாட்டுக் குளிர்காலத்தின் விந்தை. தில்லியில் தை மாதத்து வாரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை வெயில் இதமாகக் காய்கிறது. செவ்வாயன்று மிக உயரத்தில் பஞ்சுப் பிரிகளைப் போன்ற முகில்கள் தோன்றுகின்றன. அன்றிரவு குளிர் சற்றுக் குறைகிறது. குளிர்காலம் கழிந்தது என்று எண்ணிச் சிலர் ரஜாயை மடித்து வைத்துவிடுகின்றனர். புதனன்று வானம் கறுத்துத் தூறல் விழுகிறது. வியாழனன்று இடி முழங்கி ஆலங்கட்டி மழை பெய்கிறது; அதே வேளையில் சிம்லாவில் வெண்பனி பொழிகிறது. வெள்ளியன்று வானம் தெளிகிறது. சனிக்கிழமை விடியலில் எதிர்வீடு தெரியாத மூடுபனி. ஞாயிறன்று எலும்பை ஊடுருவும் வாடை.

இத்தனைக்கும் காரணம் ஒன்றே. மத்தியதரைக் கடற்பகுதியை ஒட்டித் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள், உயரத்தில் வீசும் மேல்காற்றின் வழியே ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து இமயத்தை வந்தடைகின்றன. வழியில் அரபிக் கடலின் ஈரமும் சேர்ந்துகொள்வதுண்டு. இவற்றை வானிலை அறிஞர் ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்பர். மேற்கத்தியக் காற்றுக் கலக்கம் என நாம் கூறலாம். செவ்வாயன்று இரவு குளிர் குறைந்தது, நிலம் வெளிவிடும் வெப்பத்தை முகில் ஒரு போர்வையைப் போலத் தடுத்ததனால்தான். அது குளிரின் முடிவன்று, மழையின் முன்னறிவிப்பு.

இனி, மழை பிறக்கும் விதத்தைக் காண்போம். ஈரக்காற்று மேலே எழும்போது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் மிகுதியாகும் ஆவி, நுண்ணிய தூசியையோ கடலுப்புத் துகளையோ பற்றிக்கொண்டு திவலையாகிறது. தூசியின் இப்பணியை ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் எயிட்கன் 1880ஆம் ஆண்டுகளில் ஆய்ந்து காட்டினார். ஆயினும், முகில் திவலை மிகமிகச் சிறியது. அதன் குறுக்களவு ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சாதாரண மழைத்துளி ஒன்று உருவாக இத்தகைய பத்து லட்சம் திவலைகள் ஒன்றுகூட வேண்டும். அவை எவ்வாறு ஒன்றுகூடுகின்றன?

வெப்பமான கடற்கரை முகில்களில், பெரிய திவலை விழும்போது சிறியவற்றோடு மோதி அவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு வளரும். குளிர்ந்த முகில்களில் வழி வேறு. நுண்ணிய திவலைகள் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சென்றும் உறையாமல் நீராகவே நிற்கக்கூடும். அவற்றினிடையே சில பனிப்பளிங்குகள் தோன்றினால், அதே குளிர்நிலையில் நீரைவிடப் பனிக்கட்டி ஆவியை எளிதில் ஈர்ப்பதால், திவலைகள் வற்றப் பளிங்குகள் பருக்கின்றன. 1930ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டு அறிஞர் டோர் பெர்ஜரான் இதனைத் தெளிவாக விளக்கினார். ஆகவே, தில்லியில் தை மாதத்தில் நம் குடைமேல் விழும் துளி, பெரும்பாலும் உயரத்தில் வெண்பனியாகப் பிறந்து, வரும் வழியில் உருகியதே ஆகும்.

சிம்லாவில் அது உருகாததேன்? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சிம்லா, தில்லியைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தில்லியில் 14 டிகிரி என்றால் அங்கே ஒரு டிகிரி அளவே இருக்கும். பளிங்கு உருகுவதற்கு முன்னரே தரையைத் தொட்டுவிடுகிறது. ஆலங்கட்டியோ வேறு வகை. இடிமுகிலினுள் மேனோக்கி வீசும் வலிய காற்று பனிமணியைத் தாங்கி நிற்க, உறையாத திவலைகள் அதன்மேல் மோதி அடுக்கடுக்காய் உறைகின்றன. காற்றினால் தாங்க முடியாத எடை வந்ததும் அது கீழே விழுகிறது.

மழை நின்றபின் நிலம் ஈரமாயிருக்கிறது, வானமோ போர்வையற்றது. இரவில் தரை விரைந்து குளிர, அதனை ஒட்டிய காற்றிலேயே திவலைகள் பிறக்கின்றன. மூடுபனி என்பது தரையைத் தொட்ட முகிலே. ஊரிலிருந்து வரும் ரயில் பல மணி நேரம் தாமதமாவது இதனாலேயே.

இவ்விரவுகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சி, கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு, கரியடுப்பாகிய அங்கீட்டியை அருகில் வைத்து உறங்குவோர் பலர். கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழந்த செய்திகள் குளிர்காலந்தோறும் வருகின்றன. தெற்கிலிருந்து புதிதாக வந்தவர்க்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பழகியவர் சொல்ல வேண்டும். உறங்கப் போகுமுன் அங்கீட்டியை வெளியே வைத்துவிடுங்கள். ரஜாய் ஒன்று கூடுதலாக இருப்பது நன்று.

அலுவலகம் செல்லும் நமக்கு இந்த மழை தொல்லை. பக்கத்துக் கிராமத்து உழவரோ இதற்கு ‘மஹாவட்’ என்று தனிப்பெயரே இட்டுக் காத்திருக்கிறார். மெல்லப் பெய்தால் கோதுமை தழைக்கும். ஆலங்கட்டியாய் விழுந்தால் கடுகுப் பூ உதிரும். இமயத்தில் படியும் வெண்பனியோ கோடையில் உருகி ஆறுகளுக்கு நீராகிறது. அடுத்த முறை செவ்வாயன்று பஞ்சுப் பிரி முகில்களைக் காணும்போது, ரஜாயை மடிக்காதீர்கள். குடையை எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த தமிழரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.