சமூகச் சேவை ஆணையும் நம் இளைஞரும்



குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்ட இளைஞன் அன்று மாலையே லயத்துக்குத் திரும்பிவிட்டால், "பையன் தப்பித்துக்கொண்டான்" என்று அக்கம்பக்கத்தார் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அவன் தப்பவில்லை, தண்டனையுடன்தான் வீடு வந்திருக்கிறான்.

18 வயது நிறைந்து 21 வயது நிறையாத குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், சமூகச் சேவை செய்யுமாறு ஆணையிட நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு இடமளிக்கிறது. சேவை மொத்தம் 240 மணி நேரத்தை மிஞ்சலாகாது. வேலை, இடம், நேரம், நிபந்தனைகள் ஆகியவற்றை நீதிமன்றம் ஆணையில் குறிப்பிடும். மேற்பார்வை சமூக நல இலாகாவைச் சேர்ந்தது. முழு அளவும் விதிக்கப்பட்டவன் ஞாயிறுதோறும் 6 மணி நேரம் உழைத்தால் 40 ஞாயிறுகள் கழியும். இதனை விடுதலை என்பார் உண்டோ?

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. விடியலில் பிரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்து முடிப்பதற்குள் நண்பகலாகிவிடும். பட்டணத்திலிருக்கும் அதிகாரி இதனை அறிந்திருப்பார் என எண்ணி வாளாவிருத்தல் கூடாது. ஆணை பிறப்பதற்கு முன்பே வேலை நேரத்தையும் பேருந்து வசதியையும் எடுத்துரைக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, பின்னர் நாள் தவறினால் அது வருகைப் பதிவில் குறையாக நிற்கும்.

வெட்கத்திற்கு அஞ்சி, மகனை வேறு தோட்டத்திலுள்ள மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடும் பெற்றோரும் உளர். பெருந்தவறு இது! சேவைக்கு வராதவன் ஆணையை மீறியவனாவான். நீதிமன்றம் அவனை மீண்டும் அழைத்து விசாரிக்கும். சிறைவாசலை அவனுக்கு நாமே திறந்துவிட்டவர்களாவோம்.

18 வயதுக்குட்பட்டோர்க்கு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் உண்டு. அச்சட்டப்படி நன்னடத்தைக் கண்காணிப்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிக்கலாம். அதற்கு முன்னர் நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து பிள்ளையின் படிப்பு, நண்பர்கள், குடும்ப நிலை ஆகியவற்றை விசாரித்து, நீதிமன்றத்திற்கு அறிக்கை அளிப்பார். அவர் போலீஸ்காரர் அல்லர். தகப்பனாரின் குடிப்பழக்கத்தையும், பிள்ளை பள்ளியை விட்டு நின்றதையும் அவரிடம் மறைப்பதால் பயனில்லை. மறைத்தால், பிள்ளைக்குப் பொருந்தாத ஆணை பிறக்கக்கூடும். அவர் வரும் நாளில் தாயும் தந்தையும் வீட்டிலிருங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை உடனே அவருக்குத் தெரிவியுங்கள்.